கர்ப்பகாலச் சர்க்கரை: பட்டினி வேண்டாம், பிரித்துச் சாப்பிடுங்கள்

கேள்வி: எனக்கு 27 வயது, முதல் கர்ப்பம். 26-வது வாரத்தில் குளுக்கோஸ் தண்ணீர் கொடுத்து எடுத்த டெஸ்டில் சுகர் 164 வந்தது. டாக்டர் இரண்டு வாரம் சாப்பாட்டைக் கட்டுப்படுத்திவிட்டு வரச் சொன்னார். சாதத்தை அடியோடு நிறுத்திவிட்டேன். அத்தை சொன்னபடி காலையும் இரவும் கேழ்வரகுக் கஞ்சிதான் குடிக்கிறேன். பக்கத்து வீட்டில் பாகற்காய் ஜூஸ் குடிக்கச் சொல்கிறார்கள். எடை ஒன்றரைக் கிலோ குறைந்துவிட்டது, ஆனாலும் சுகர் இறங்கவில்லை. ஊசி போடாமல் சாப்பாட்டிலேயே சரி செய்ய முடியுமா? குழந்தைக்கு ஏதாவது ஆகிவிடுமா?

பதில்:

முதலில் நீங்கள் செய்ய வேண்டியது, வயிறாரச் சாப்பிட ஆரம்பிப்பது. இதை மற்ற எல்லாவற்றுக்கும் முன்னால் சொல்லக் காரணம் இருக்கிறது. 26-வது வாரத்தில் எடை ஏற வேண்டுமே தவிர இறங்கக்கூடாது. மாவுச்சத்தை அளவுக்கு மீறிக் குறைத்தால் உடம்பு கொழுப்பை எரிக்க ஆரம்பிக்கும். அப்போது உண்டாகும் கீட்டோன்கள் இரத்தத்தில் சேர்ந்து நஞ்சுக்கொடி வழியாகக் குழந்தைக்கும் போகும். அது நல்லதல்ல. அதனால்தான் கர்ப்பிணிக்கு ஒரு நாளைக்குக் குறைந்தது 175 கிராம் மாவுச்சத்தாவது வேண்டும் என்று மருத்துவ வழிகாட்டுதல்கள் சொல்கின்றன. நீங்கள் இப்போது சாப்பிடும் விதத்தில் அது பாதிகூட வராது. அடுத்த முறை போகும்போது எடை குறைந்ததை மறக்காமல் டாக்டரிடம் சொல்லுங்கள். தேவைப்பட்டால் சிறுநீரில் கீட்டோன் பார்க்கச் சொல்வார்.

இது ஏன் வந்தது என்று சுருக்கமாகச் சொல்கிறேன். நீங்கள் இனிப்புச் சாப்பிட்டதால் வந்ததல்ல. குழந்தைக்கு உணவு தடையில்லாமல் போய்ச் சேர வேண்டும் என்பதற்காக நஞ்சுக்கொடி சில ஹார்மோன்களைச் சுரக்கிறது. அவை தாயின் உடலில் இன்சுலின் வேலை செய்வதைக் கொஞ்சம் தடுக்கும். எல்லாக் கர்ப்பிணிகளுக்கும் இது நடக்கிறது. கணையம் கூடுதலாக இன்சுலின் சுரந்து ஈடுகட்டிவிட்டால் சுகர் ஏறாது, ஈடுகட்ட முடியாதபோது ஏறும். ஆறாவது மாதத்திலிருந்து இந்தத் தடை கூடிக்கொண்டே போகும். அதனால்தான் 24 முதல் 28 வாரத்துக்குள் இந்தப் பரிசோதனையைச் செய்கிறார்கள். குடும்பத்தில் சுகர் இருப்பது, கர்ப்பத்துக்கு முன்பே எடை கூடுதலாக இருந்தது, நீர்க்கட்டிப் பிரச்சினை எல்லாம் வாய்ப்பைக் கூட்டும். ஒல்லியாக இருப்பவர்களுக்கும் வருகிறது. நம் மக்களுக்கு இது அதிகம் வருவதால்தான், 75 கிராம் குளுக்கோஸைக் குடித்து இரண்டு மணி நேரம் கழித்து ஒரே ஒரு முறை இரத்தம் எடுத்து, 140 அல்லது அதற்கு மேல் இருந்தால் கர்ப்பகாலச் சர்க்கரை என்று கணக்கிடும் எளிய முறை இங்கே வந்தது. வெறும் வயிற்றில் வர வேண்டிய கட்டாயமில்லை, கிராமத்து ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே செய்துவிடலாம். இதற்காகப் பல ஆண்டுகள் உழைத்தவர் சென்னை மருத்துவக் கல்லூரியில் நீரிழிவுத் துறையைத் தொடங்கிய டாக்டர் வி. சேஷய்யா. அவர் பிறந்த நாளான மார்ச் 10 இந்தியாவில் கர்ப்பகாலச் சர்க்கரை விழிப்புணர்வு நாளாக அனுசரிக்கப்படுகிறது. தமிழ்நாடு 2007-லேயே எல்லாக் கர்ப்பிணிகளுக்கும் இந்தப் பரிசோதனையைக் கொண்டுவந்தது.

குழந்தையைப் பற்றிய பயத்துக்கு வருகிறேன். தாயின் இரத்தத்தில் உள்ள சர்க்கரை நஞ்சுக்கொடியைத் தாண்டிப் போகும், தாயின் இன்சுலின் தாண்டாது. அதனால் குழந்தையின் கணையமே கூடுதலாக இன்சுலின் சுரக்கும். இன்சுலின் வளர்ச்சியைத் தூண்டும் ஹார்மோன் என்பதால் குழந்தை அளவுக்கு மீறிப் பெருக்கும், குறிப்பாகத் தோளிலும் வயிற்றிலும். பிரசவத்தின்போது தோள் மாட்டிக்கொள்ளும் ஆபத்து இதனால்தான். பிறந்த பிறகு தாயிடமிருந்து வந்த சர்க்கரை நின்றுவிடும், குழந்தையின் இன்சுலினோ இன்னும் கூடுதலாகவே இருக்கும். அதனால் முதல் சில மணி நேரத்தில் குழந்தைக்குச் சர்க்கரை தாழ்ந்துபோகலாம். இவை உண்மையான ஆபத்துகள். கட்டுப்படுத்தினால் குறைபவையும்கூட. ஆஸ்திரேலியாவில் 1000 கர்ப்பிணிகளை வைத்து நடத்தி 2005-ல் வெளியான ஆய்வில், குழந்தைக்கு வரக்கூடிய தீவிரமான சிக்கல்கள் சாதாரணக் கவனிப்பில் இருந்தவர்களிடம் 4 சதவீதமாக இருந்தன, உணவு ஆலோசனையும் சுகர் கண்காணிப்பும் தேவைக்கு இன்சுலினும் பெற்றவர்களிடம் 1 சதவீதமாகக் குறைந்தன. உங்களுக்குக் கண்டுபிடித்த நேரம் சரியான நேரம். பிரசவத்துக்கு இன்னும் மூன்று மாதம் இருக்கிறது.

சாப்பாட்டிலேயே சரி செய்ய முடியுமா? நிறையப் பேருக்கு முடியும். அமெரிக்காவில் இலேசான கர்ப்பகாலச் சர்க்கரை இருந்தவர்களை வைத்து நடந்து 2009-ல் வெளியான ஆய்வில், சிகிச்சை பெற்றவர்களில் இன்சுலின் தேவைப்பட்டவர்கள் 8 சதவீதத்துக்கும் குறைவு. அந்த ஆஸ்திரேலிய ஆய்வில் 20 சதவீதம். மற்றவர்கள் உணவிலேயே சமாளித்தார்கள். உங்களுக்கு எப்படி என்பதை அடுத்த இரண்டு வாரம் சொல்லும். ஆனால் அந்த இரண்டு வாரமும் சரியாகச் சாப்பிட்டிருக்க வேண்டும். பட்டினி கிடந்து எடுத்த ரீடிங்கை வைத்து டாக்டராலும் ஒரு முடிவுக்கு வர முடியாது.

பொதுவாக இலக்கு இதுதான்: வெறும் வயிற்றில் 95-க்குக் கீழ், சாப்பிட்டு ஒரு மணி நேரத்தில் 140-க்குக் கீழ், இரண்டு மணி நேரத்தில் 120-க்குக் கீழ். உங்கள் டாக்டர் வேறு எண் சொல்லியிருந்தால் அதையே வைத்துக்கொள்ளுங்கள்.

இப்போது கேழ்வரகுக் கஞ்சி. உங்கள் அத்தை அக்கறையோடுதான் சொல்லியிருக்கிறார், கேழ்வரகும் நல்ல தானியம்தான். 100 கிராமில் 340 மில்லிகிராமுக்கும் மேல் கால்சியம் இருக்கிறது. அரிசியில் அது மிகக் குறைவு. ஆனால் மாவுச்சத்தைப் பொறுத்தவரை கேழ்வரகும் அரிசியும் ஏறக்குறைய ஒன்றுதான்: 100 கிராம் அரிசியில் 78 கிராம் என்றால் கேழ்வரகில் 67 கிராம். அதை நைசாக அரைத்து, குழையக் கொதிக்கவிட்டு, கஞ்சியாகக் குடிக்கும்போது மெல்லும் வேலையே இல்லாமல் நேராகக் குடலுக்குப் போய்ச் சர்க்கரையாகிறது. கஞ்சி குடித்துவிட்டு ஒரு மணி நேரத்தில் டெஸ்ட் எடுத்துப் பாருங்கள், வீட்டில் சுகர் பார்க்கும் மீட்டரே காட்டும். அதே கேழ்வரகை வெங்காயம், முருங்கைக்கீரை போட்டு அடையாகத் தட்டி, ஒரு கிண்ணம் சாம்பாரோடு சாப்பிட்டால் ஏற்றம் நிதானமாக இருக்கும். ஓட்ஸ் கஞ்சி, சத்துமாவுக் கஞ்சி, கோதுமை ரவைக் கஞ்சி எல்லாவற்றுக்கும் இதே கதைதான். எந்தத் தானியம் என்பதைவிட எவ்வளவு, எந்த வடிவில், எதோடு சேர்த்து என்பதுதான் சுகரைத் தீர்மானிக்கிறது. உங்களுக்கு ஒன்றை மட்டும் சொல்ல வேண்டும் என்றால் இதைத்தான் சொல்வேன்.

சாதத்தை நிறுத்திவிட்டு இரவில் நான்கு சப்பாத்தி சாப்பிடுபவர்களை நிறையப் பார்க்கிறேன். நடுத்தரமான ஒரு சப்பாத்தியில் 15 முதல் 20 கிராம் மாவுச்சத்து இருக்கிறது. நான்கு சப்பாத்தி என்பது இரண்டு கிண்ணம் சாதத்துக்குச் சமம். தொட்டுக்கொள்ள உருளைக்கிழங்கு மசாலா என்றால் இன்னும் கூடும்.

175 கிராமை எப்படிப் பிரிப்பது? மூன்று வேளைச் சாப்பாடு, மூன்று சிறு தீனி. காலை டிபனில் 30 கிராம், பதினொரு மணிக்கு 15, மதியம் 45, நாலரை மணிக்கு 20, இரவு 45, படுக்கும் முன் 20. கிராம் கணக்கு பார்த்துப் பயப்பட வேண்டாம், சமையலறைக் கணக்கில் சொல்கிறேன். ஒரு வாரம் பார்த்துப் பழகினால் கண்ணே அளந்துவிடும்.

காலை டிபனுக்கு மட்டும் ஏன் குறைவு என்றால், விடியற்காலையில் கார்டிசால் முதலான ஹார்மோன்கள் உச்சத்தில் இருக்கும், இன்சுலின் அப்போதுதான் மிக மந்தமாக வேலை செய்யும். மதியம் ஒரு கிண்ணம் சாதம் தாங்குகிற உடம்பு காலையில் நான்கு இட்லியைத் தாங்காது. என்னிடம் வந்த ஒருவரின் நோட்டில் இப்படி எழுதியிருந்தது: நான்கு இட்லி, தேங்காய்ச் சட்னி, ஒரு டம்ளர் பால் - 158. அடுத்த நாள் இரண்டு இட்லி, பருப்பு நிறையப் போட்ட சாம்பார் ஒரு கிண்ணம், அவித்த முட்டை இரண்டு - 116. அவர் எதையும் விட்டுக்கொடுக்கவில்லை, வயிறும் நிறைந்தது. வீட்டில் ஊற்றும் நடுத்தர இட்லி ஒன்றில் 10 முதல் 12 கிராம் மாவுச்சத்து இருக்கும். இரண்டு இட்லியும் சாம்பாரும் சேர்ந்தால் 30 கிராமுக்குள் அடங்கிவிடும். பாலைக் காலை டிபனோடு சேர்க்காதீர்கள், ஒரு டம்ளர் பாலிலேயே 10 கிராம் அளவுக்குச் சர்க்கரை இருக்கிறது. அதை இரவுக்கு வைத்துக்கொள்ளலாம்.

இட்லியைவிடக் காலைக்கு நல்லது அடை அல்லது பச்சைப்பயறு தோசை. பருப்பு பாதிக்கு மேல் இருக்கும்படி அரைத்த அடை ஒன்று, கூடவே கொஞ்சம் தயிர், போதும். வெண்பொங்கலும் ரவை உப்புமாவும் காலை வேளையில் பெரும்பாலோருக்கு ஒத்துவருவதில்லை. பொங்கல் குழைந்து போவதால் சீக்கிரம் சர்க்கரையாகிறது, உப்புமாவில் புரதம் மிகக் குறைவு. ஆசையாக இருந்தால் பொங்கலை மதியத்துக்கு மாற்றி அளவோடு சாப்பிடுங்கள். வாழைப்பழமும் ஜூஸும் காலை டிபனோடு வேண்டாம்.

மதியச் சாப்பாட்டில் சாதம் தாராளமாக இருக்கலாம், ஒரு கிண்ணம். ஒரு கிண்ணம் என்று நான் சொல்வது வடித்த சாதம் 150 கிராம், அதில் 40 கிராமுக்கு மேல் மாவுச்சத்து. முதல் நாள் மட்டும் சமையல் தராசில் எடை போட்டு, வீட்டில் இருக்கும் எந்தக் கிண்ணத்தில் அந்த அளவு சரியாக நிற்கிறது என்று பார்த்து, அந்தக் கிண்ணத்தை ஒதுக்கி வைத்துவிடுங்கள். கரண்டிக் கணக்கு வேண்டாம், கரண்டி ஒவ்வொரு வீட்டிலும் ஒவ்வொரு அளவு, கை சாயும் விதமும் நாளுக்கு நாள் மாறும். தட்டில் பாதி காய்: பொரியல் ஒன்று, கூட்டோ கீரைக் கடைசலோ ஒன்று. கால் பாகம் மீன், முட்டை, கோழி, பனீர் அல்லது கெட்டிப் பருப்பு. மீதிக் கால் பாகத்தில்தான் சாதம். சாப்பிடும் வரிசையையும் மாற்றிப் பாருங்கள். முதலில் பொரியலும் மீனும், அப்புறம் சாதம். காயும் புரதமும் முதலில் போனால் பின்னால் வரும் சாதம் சர்க்கரையாக மாறும் வேகம் குறையும். புழுங்கல் அரிசி பச்சரிசியைவிடச் சற்று மெதுவாகச் சுகரை ஏற்றும், வீட்டில் அதுதான் சமைக்கிறீர்கள் என்றால் மாற்ற வேண்டாம்.

காய் என்று சொல்லும்போது உருளை, சேனை, மரவள்ளி, சர்க்கரைவள்ளி ஆகியவற்றைக் காயாகக் கணக்கில் எடுக்காதீர்கள். அவை சாதத்தின் பங்கில் சேர வேண்டியவை. கிழங்கு சாப்பிடும் நாளில் சாதத்தைப் பாதியாக்குங்கள். அவரை, கொத்தவரை, பீன்ஸ், புடலை, சுரை, வெண்டை, கத்தரி, முட்டைக்கோஸ், எல்லாக் கீரையும் வேண்டும் மட்டும் சாப்பிடலாம். பாகற்காயைப் பொரியலாகச் சமைத்துச் சாப்பிடலாம், ஜூஸ் வேண்டாம். கர்ப்ப காலத்தில் அதைச் செறிவாகக் குடிப்பது பாதுகாப்பானது என்று சொல்ல ஆதாரம் இல்லை. சர்க்கரைக்கொல்லிப் பொடி, நாட்டு மருந்துக் கடைச் சூரணம் எதுவும் இப்போது தொடவே தொடாதீர்கள். தாளிப்பில் போடும் வெந்தயம், இட்லி மாவில் போடும் வெந்தயம் பரவாயில்லை, தினமும் காலையில் கைப்பிடி வெந்தயத்தை விழுங்குவது வேண்டாம்.

புரதம் பற்றிக் கொஞ்சம் கூடுதலாகச் சொல்ல வேண்டும். நம் வீட்டுச் சாப்பாட்டில் மிகவும் குறைவது இதுதான். இந்த மாதங்களில் ஒரு நாளைக்குச் சுமார் 70 கிராம் தேவை. சாதம், ரசம், பொரியல், அப்பளம் என்று முடிக்கும் ஒரு மதியச் சாப்பாட்டில் 10 கிராம் வந்தாலே அதிகம். புரதம் குறைந்தால் பசி சீக்கிரம் வரும், மறுபடி சாதத்துக்கோ பிஸ்கட்டுக்கோதான் கை போகும். ஒரு முட்டையில் 6 கிராம், ஒரு டம்ளர் பாலில் 6 முதல் 7, 100 கிராம் மீனில் சுமார் 20, ஒரு கிண்ணம் கொண்டைக்கடலைச் சுண்டலில் 12 அளவுக்கு, ஒரு கைப்பிடி வேர்க்கடலையில் 7. சைவமாக இருந்தால் கொஞ்சம் திட்டம் போட்டே ஆக வேண்டும்: காலையில் அடை, பதினொரு மணிக்குக் கெட்டித் தயிரோ மோரோ, மதியம் கூட்டில் கூடுதல் பருப்பு, மாலையில் சுண்டல், இரவில் பனீரோ சோயாவோ, படுக்கும் முன் பால். மீனில் மத்தி, நெத்திலி, சங்கரா நல்லது. சுறா போன்ற பெரிய மீன்களில் பாதரசம் சேர்ந்திருக்கும் என்பதால் கர்ப்ப காலத்தில் தவிர்ப்பது நல்லது.

மாலை நாலரை மணிதான் பலருக்கும் தடுமாறும் நேரம். ஆபீசில் இருப்பவர்களுக்கு டீயோடு ரெண்டு பிஸ்கட், வீட்டில் இருப்பவர்களுக்கு மிக்சர். டீ, காபியில் ஒவ்வொரு முறையும் இரண்டு ஸ்பூன் சர்க்கரை போட்டு மூன்று முறை குடித்தால் அதிலேயே 25, 30 கிராம் போய்விடும், அதுவும் நேரடிச் சர்க்கரையாக. சர்க்கரை இல்லாத டீக்கு நாக்கு பழக ஒரு வாரம் ஆகும். கருப்பட்டி, நாட்டுச் சர்க்கரை, வெல்லம், தேன் போட்டால் சுகர் ஏறாது என்பது சரியில்லை. கருப்பட்டியில் கொஞ்சம் தாதுச்சத்து உண்டு, ஆனால் அதன் பெரும்பகுதி வெள்ளைச் சர்க்கரையில் உள்ள அதே சுக்ரோஸ்தான். குங்குமப்பூப் பால் குடிக்க ஆசை என்றால் சர்க்கரை போடாமல் குடியுங்கள். கர்ப்பிணிகளுக்கான சத்துப் பானப் பொடிகளின் டப்பாவைத் திருப்பி, சேர்க்கப்பட்ட சர்க்கரை எவ்வளவு என்று படித்துவிட்டு வாங்குங்கள். மாலைத் தீனிக்குச் சுண்டல் முக்கால் கிண்ணம், அல்லது வேகவைத்த வேர்க்கடலையும் ஒரு கொய்யாவும்.

பழம் சாப்பிடவே கூடாது என்று யாராவது சொன்னால் கேட்க வேண்டாம். நடுத்தரக் கொய்யா ஒன்று, ஆரஞ்சு ஒன்று, சிறிய ஆப்பிள் ஒன்று, நாவல்பழம் ஒரு கைப்பிடி, சிறிய ஏலக்கி வாழைப்பழம் ஒன்று, இவற்றில் ஏதாவது ஒன்றைப் பதினொரு மணித் தீனியாகச் சாப்பிடலாம். சாப்பாடு முடிந்த கையோடு வேண்டாம். மாம்பழக் காலத்தில் முழுப் பழம் வேண்டாம், இரண்டு மூன்று துண்டு போதும், கூட நாலைந்து பாதாம். ஜூஸ் எதுவும் வேண்டாம், வீட்டில் சர்க்கரை போடாமல் பிழிந்ததும்கூட. ஒரு டம்ளர் ஆரஞ்சு ஜூஸுக்கு மூன்று நான்கு பழம் போகும், நார்ச்சத்து சக்கையோடு குப்பைக்குப் போகும். இளநீர் ஒன்று, இரண்டு வேளைச் சாப்பாட்டுக்கு நடுவே, தினமும் இல்லாமல் எப்போதாவது என்றால் சரி.

இரவுச் சாப்பாட்டை எட்டு மணிக்குள் முடித்துக்கொள்ளுங்கள். படுக்கும் முன், பத்து மணி அளவில், சர்க்கரை இல்லாத பால் ஒரு டம்ளர், ஒரு சிறு கைப்பிடி பாதாமோ வேர்க்கடலையோ. இரவு ஏழு மணிக்குச் சாப்பிட்டுவிட்டு மறுநாள் ஒன்பது மணிக்கு டிபன் சாப்பிடுகிற பழக்கம் இருந்தால் அதை மாற்றுங்கள். பதினான்கு மணி நேர இடைவெளி இப்போது கூடாது. அதே காரணத்துக்காக, பிரசவம் வரை விரதம் எதுவும் வேண்டாம். சஷ்டி, பிரதோஷம் எதுவானாலும் அடுத்த வருடம் இருந்துகொள்ளலாம். நோன்பு இருக்கும் வழக்கம் உள்ளவர்கள் டாக்டரிடம் பேசாமல் தொடங்க வேண்டாம்.

ஏழாம் மாதமோ ஒன்பதாம் மாதமோ உங்களுக்கு வளைகாப்பு வரும். இன்சுலின் தடை உச்சத்தை நெருங்கும் மாதங்கள் அவை. அதே நாளில்தான் புளியோதரை, எலுமிச்சை சாதம், தேங்காய் சாதம், தயிர் சாதம், சர்க்கரைப் பொங்கல் என்று ஐந்து வகை, ஏழு வகை சாதம் வரிசையாக வந்து நிற்கும். வருகிறவர்கள் எல்லாம் வாயில் ஒரு வாய் ஊட்டாமல் போக மாட்டார்கள். அன்று காலை டிபனைத் தவிர்த்துவிட்டுப் போகாதீர்கள், பசியோடு போனால் நிறுத்த முடியாது. வழக்கம்போல அடையோ முட்டையோ சாப்பிட்டுவிட்டுப் போங்கள். ஊட்டுகிறவர்களிடம் ஸ்பூன் நுனியில் போதும் என்று உங்கள் அம்மாவையோ அத்தையையோ முன்னாலேயே சொல்லிவைக்கச் சொல்லுங்கள். நீங்கள் சொன்னால் கேட்க மாட்டார்கள், அவர்கள் சொன்னால் கேட்பார்கள். பந்தியில் எலுமிச்சை சாதமும் தயிர் சாதமுமாகச் சேர்த்து ஒரு கிண்ணம், கூடவே பொரியலும் சுண்டலும். சர்க்கரைப் பொங்கல் ஒரு ஸ்பூன். பந்தி முடிந்ததும் மண்டபத்துக்குள்ளேயே கால் மணி நேரம் நடங்கள். அன்று ஒரு ரீடிங் 135 வந்துவிட்டால் அதற்காக இரவுச் சாப்பாட்டை விட்டுவிடாதீர்கள்.

நடையைப் பற்றி: காலையில் ஒரு மணி நேரம் நடப்பதைவிட ஒவ்வொரு வேளையும் சாப்பிட்ட பின் 10 முதல் 15 நிமிடம் நடப்பது சாப்பாட்டுக்குப் பிந்தைய சுகருக்கு நன்றாக உதவும். தசைகள் இன்சுலினை அதிகம் எதிர்பார்க்காமலே சர்க்கரையை இழுத்துக்கொள்ளும். மாடியிலோ, வாசலிலோ, வீட்டுக்குள்ளேயே முன்னும் பின்னுமாகவோ நடக்கலாம். நஞ்சு கீழே இருக்கிறது, இரத்தக் கசிவு, கர்ப்பப்பை வாய் சிறுத்துவிட்டது என்று ஓய்வெடுக்கச் சொல்லியிருந்தால் மட்டும் நடக்க வேண்டாம்.

மீட்டர் வாங்கிவிட்டீர்களா? வாங்கியிருந்தால், நேரத்தைச் சாப்பிட்டு முடித்ததிலிருந்து கணக்கிடாதீர்கள், முதல் வாய் வைத்த நேரத்திலிருந்து கணக்கிடுங்கள். எட்டேகாலுக்குச் சாப்பிட உட்கார்ந்தால் பத்தேகாலுக்கு டெஸ்ட். குத்தும் முன் கையைச் சோப்புப் போட்டுக் கழுவி நன்றாகத் துடையுங்கள். பழம் நறுக்கிய விரலில் டெஸ்ட் எடுத்து 190 பார்த்துப் பதறி வந்தவர்கள் உண்டு, கை கழுவி எடுத்தால் 112. விரல் நுனியின் நடுவில் குத்தாமல் பக்கவாட்டில் குத்தினால் வலி குறைவு. ஸ்ட்ரிப் காலாவதித் தேதியைப் பாருங்கள். முதல் இரண்டு வாரம் வெறும் வயிற்றில் ஒன்று, மூன்று வேளைக்குப் பின் மூன்று என நான்கு முறை எடுக்க முடிந்தால் நல்லது. செலவு கட்டுப்படியாகாவிட்டால் ஒரு நாள் காலை டிபனுக்குப் பின், மறுநாள் மதியத்துக்குப் பின், அதற்கடுத்த நாள் இரவுக்குப் பின் என்று மாற்றி மாற்றி எடுங்கள். எண்ணுக்குப் பக்கத்தில் என்ன சாப்பிட்டீர்கள், எவ்வளவு என்றும் எழுதுங்கள். வெறும் எண் மட்டும் இருக்கும் நோட்டை வைத்து என்னாலும் டாக்டராலும் எதையும் மாற்றிச் சொல்ல முடியாது.

ஊசி விஷயத்தில் மனதைத் திறந்து பேசுகிறேன். நான் சொன்னதையெல்லாம் நீங்கள் அச்சுப் பிசகாமல் செய்தும் வெறும் வயிற்றுச் சுகர் திரும்பத் திரும்ப 95-ஐத் தாண்டலாம். சாப்பாட்டுக்குப் பிந்தைய சுகரை உணவால் நன்றாக மாற்ற முடியும், வெறும் வயிற்றுச் சுகர் அவ்வளவு எளிதில் வசப்படாது. இரவு முழுக்கக் கல்லீரல் வெளியிடும் சர்க்கரை அது. அதைக் குறைக்கிறேன் என்று இரவுச் சாப்பாட்டைக் குறைக்கக் குறைக்கக் கீட்டோன்தான் கூடும். அந்த நிலையில் இன்சுலினோ மெட்ஃபார்மின் மாத்திரையோ தேவை, அவ்வளவுதான். நீங்கள் தோற்றுப்போனதாக அர்த்தமில்லை, உங்கள் நஞ்சுக்கொடியின் ஹார்மோன் உங்கள் கணையத்தின் சக்திக்கு மேல் போய்விட்டது என்று அர்த்தம். இன்சுலின் நஞ்சுக்கொடியைத் தாண்டிக் குழந்தைக்குப் போவதில்லை, அதனால்தான் கர்ப்ப காலத்தில் அதை நம்பிக் கொடுக்கிறார்கள். ஒருமுறை போட்டால் வாழ்நாள் முழுக்கப் போட வேண்டும் என்பதும் உண்மையில்லை. நஞ்சு வெளியே வந்ததும் தடையும் போய்விடுவதால் பெரும்பாலோருக்குப் பிரசவத்தோடு ஊசி நின்றுவிடும்.

ஊசி போடத் தொடங்கினால் சாப்பாட்டு நேரம் தவறக்கூடாது. படபடப்பு, வியர்வை, கை நடுக்கம் வந்து சுகர் 70-க்குக் கீழ் இருந்தால் மூன்று ஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கலந்து குடித்து, 15 நிமிடம் கழித்து மறுபடி பார்க்க வேண்டும். கைப்பையில் எப்போதும் கொஞ்சம் சர்க்கரையோ குளுக்கோஸ் பொடியோ இருக்கட்டும்.

சில விஷயங்களுக்கு அடுத்த செக்கப் வரை காத்திருக்க வேண்டாம், உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள்: குழந்தையின் அசைவு வழக்கத்தைவிடக் குறைவது, எதைச் சாப்பிட்டாலும் வாந்தி, கடுமையான தலைவலி, கண் மங்குவது, முகமும் கையும் திடீரென்று வீங்குவது. கர்ப்பகாலச் சர்க்கரை உள்ளவர்களுக்கு இரத்தக்கொதிப்பு வரும் வாய்ப்பும் கூடுதல் என்பதால் சொல்கிறேன்.

வீட்டில் உங்களுக்கு மட்டும் தனியாகச் சமைக்க வேண்டியதில்லை. மேலே சொன்ன எதுவும் நோயாளிச் சாப்பாடு இல்லை. அதே குழம்பு, அதே கூட்டு, உங்கள் தட்டில் அளவு மட்டும் மாறும். உங்கள் கணவரும் அத்தையும் அதே தட்டு அளவில் சாப்பிட்டால் அவர்களுக்கும் நல்லதுதான், உங்களுக்கும் தனியாக ஒதுக்கப்பட்ட உணர்வு வராது. அத்தையிடம் கஞ்சி வேண்டாம் என்று சொல்வதற்குப் பதிலாக, அதே கேழ்வரகு மாவில் கீரை போட்டு அடை தட்டித் தரச் சொல்லுங்கள். அவர் விருப்பமும் நிறைவேறும், உங்கள் ரீடிங்கும் இறங்கும்.

பிரசவம் ஆனதும் முதல் ஒரு மணி நேரத்துக்குள் தாய்ப்பால் கொடுங்கள், குழந்தையின் சர்க்கரை தாழாமல் இருக்க அது மிக முக்கியம். பிள்ளை பெற்றவளுக்கு என்று வரும் லேகியத்திலும் கருப்பட்டிப் பலகாரத்திலும் அப்போதும் அளவு பாருங்கள். ஆறு வாரம் கழித்து 75 கிராம் குளுக்கோஸ் டெஸ்டை மறுபடி எடுக்க வேண்டும். குழந்தைக்கு ஒன்றரை மாதத் தடுப்பூசி போடப் போகும் அதே நாளில் வைத்துக்கொண்டால் மறக்காது. ஆனால் இந்த முறை வெறும் வயிற்றில் போங்கள், வெறும் வயிற்று அளவும் தேவை. பிறகு ஆண்டுக்கொரு முறை பார்த்துக்கொள்ளுங்கள். கர்ப்பகாலச் சர்க்கரை வந்தவர்களுக்குப் பின்னாளில் நிரந்தரச் சர்க்கரை நோய் வரும் வாய்ப்பு மற்றவர்களைவிடப் பல மடங்கு அதிகம். தாய்ப்பால் கொடுப்பது, எடையைக் கட்டுக்குள் வைப்பது, நடப்பது மூன்றும் அதைத் தள்ளிப்போடும். அடுத்த கர்ப்பம் வரும்போது 24 வாரம் வரை காத்திருக்காமல், முதல் முறை ஆஸ்பத்திரிக்குப் போகும் நாளிலேயே போன தடவை சுகர் இருந்தது என்று சொல்லி டெஸ்ட் எடுத்துவிடுங்கள்.